ஆள் இறங்காத அடிமண்டி

செப்டிக் டேங்கில் ஆள் இறங்க நேர்வது பெரும்பாலும் அதன் அடியில் கிடக்கும் கடைசி ஓரடிக்காகத்தான். மேலே நிற்கும் தண்ணீரை லாரி சீக்கிரமே உறிஞ்சிவிடும். அதற்குக் கீழே பல ஆண்டுகளாகப் படிந்து, இறுகி, குழாய்க்கு மசியாமல் கிடக்கும் அடிமண்டிதான் சிக்கல். அதை எடுக்க வாளியும் கயிறுமாக ஒருவர் இறங்குகிறார். இறங்கியவர் மேலே வராததைப் பார்த்து இன்னொருவர் இறங்குகிறார். மறுநாள் செய்தித்தாளில் இரண்டு பெயர்கள் வருகின்றன, சில நாட்களில் மூன்று.

அந்த ஓரடியை ஒரு பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடை தேடிய ஓர் ஆய்வைப் பற்றியது இந்தக் கட்டுரை. சென்னை ஐஐடியின் எந்திரவியல் துறைப் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழுவும், அந்த வளாகத்திலேயே வளர்ந்த சோலினாஸ் என்ற தொழில்முனைவு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஹோமோசெப்’ என்னும் எந்திரம்தான் அது. பல்கலைக்கழக ஆய்வு என்றதும் எத்தனை கட்டுரைகள், எத்தனை காப்புரிமைகள், தரவரிசையில் எத்தனையாவது இடம் என்றுதான் பேசுகிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் நமக்கு இந்த ஆய்வு நம் வீட்டு வாசலில், ஒரு சிமெண்ட் மூடிக்குக் கீழே இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் வளர்ந்த விதம் நமக்குத் தெரியும். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. வேலை வந்ததும் வீடு வந்தது. ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் மனைப்பிரிவுகள் வந்தன. பாதாளச் சாக்கடை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது, பல தெருக்களுக்கு இன்னும் வரவில்லை. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாறுவதற்கும் தெருவில் குழாய் பதிப்பதற்கும் நடுவில் உள்ள ஆண்டுகளை இந்த ஊர்கள் செப்டிக் டேங்கை நம்பித்தான் கடந்துவந்தன. காட்டுப்பாக்கம், திருவேற்காடு, பட்டாபிராம் பக்கம் காலை வேளையில் நின்றால் கழிவுநீர் லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். அந்த லாரிகள் போய்ச் சேரும் இடமும் எப்போதும் சுத்திகரிப்பு நிலையமாக இருந்ததில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்ததற்காக அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் என்ற பொறியாளர் இந்த வகைத் தொட்டியைக் கட்டிக் காட்டி, அதைப் பரவலாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். கழிவறைத் தண்ணீர் தொட்டிக்குள் வந்து அசையாமல் நிற்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். கனமானவை அடியில் படியும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நின்று, அடுத்த அறைக்கோ உறிஞ்சுகுழிக்கோ வழியும். அடியில் படிந்ததை ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்று வாயுவாக மாற்றும். அவற்றால் எல்லாவற்றையும் தின்ன முடியாது. மணல், முடி, சாம்பல், துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் அங்கேயே தங்கும். மேலிருக்கும் எடை அழுத்த அழுத்த, படிவிலிருந்து நீர் பிழிந்து வெளியேறும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் அது குழம்பு நிலையில்தான் இருக்கும். எட்டு ஆண்டு, பத்து ஆண்டு விட்டுவிட்டால் களிமண்ணாகிவிடும்.

இங்கேதான் லாரியின் பம்பு தோற்கிறது. எவ்வளவு சக்தி வாய்ந்த பம்பானாலும் அது உறிஞ்சுவது என்பது, குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு, வெளியிலிருக்கும் வளிமண்டல அழுத்தம் திரவத்தை உள்ளே தள்ளுவதற்கு வழிவிடுவதுதான். அந்த அழுத்தத்தால் தண்ணீரை அதிகபட்சம் 10 மீட்டருக்குச் சற்று மேல் ஏற்ற முடியும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. இந்த எல்லையை எந்த பம்பாலும் மீற முடியாது. தண்ணீருக்கு இது போதும். இறுகிய அடிமண்டியோ தண்ணீரைப்போல நடந்துகொள்ளாது. மெல்லிய விசை பட்டால் திடப்பொருளாக அப்படியே நிற்கும். விசை ஒரு எல்லையைத் தாண்டினால்தான் ஒழுகத் தொடங்கும். குழாயை உள்ளே விட்டால் வாயருகே இருப்பது மட்டும் உடைந்து ஏறும், அங்கே ஒரு குழி விழும், மேலே நிற்கும் மெல்லிய நீர் அந்தக் குழி வழியாக இறங்கிக் குழாய்க்குள் போய்விடும். சுற்றிலும் இருக்கும் கெட்டி அசைவதே இல்லை. லாரிக்காரர்களிடம் பேசினால் இந்த இயற்பியலை இரண்டே வார்த்தையில் சொல்வார்கள்: “பைப்பு இழுக்கல.”

பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. மூங்கில் கழியை விட்டுக் கிளறுவார்கள். வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். அதில் கொஞ்சம் வரும். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “காசு குடுக்கிறோம்ல, அடியில நிக்கிறதையும் எடுத்துட்டுப் போங்க தம்பி” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒருவர் சட்டையைக் கழற்றுவார்.

கிளறும்போது வெளிவருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மலத்திலும் சோப்பு நீரிலும் உள்ள சல்ஃபேட்டைச் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தி இந்த வாயுவை உண்டாக்குகின்றன. அடிமண்டிக்குள் அது குமிழிகளாகவும் கரைந்தும் சிறைப்பட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டாலும் அது அங்கேயே இருக்கும்; காலை வைத்து மிதித்தால், மண்வெட்டியால் வெட்டினால் ஒரே நேரத்தில் மேலே வரும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியை விட்டு எளிதில் வெளியேறாமல் குனிந்து வேலை செய்பவரின் முகத்தைச் சுற்றியே தேங்கும்.

இந்த வாயுவின் கொடுமை அதன் வாசனையில் இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். அளவு 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர் நாற்றம் போய்விட்டது, காற்று சரியாகிவிட்டது என்று நினைப்பார். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் சுருண்டு விழுவார். 1,000 பங்கில் ஓரிரு மூச்சு போதும். உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதி ஒன்று இருக்கிறது. சயனைடைப்போலவே இந்த வாயுவும் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், மூளையால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கயிறு கட்டி இறங்கியவர் கூட, தன் கயிற்றை இழுத்து மேலே இருப்பவருக்குச் சைகை காட்டும் அவகாசம் இல்லாமல் போகிறார். காப்பாற்ற இறங்கும் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து விழுவதற்கும் இதுவே காரணம். 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் விழுந்துகிடந்த இரண்டு தொழிலாளர்களைத் தூக்கிவிட இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் அவர்களோடு இறந்தார். வழியில் போய்க்கொண்டிருந்தவர் அவர், அவ்வளவுதான்.

2021-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்தவர்கள் 941 பேர். அதில் 213 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பதிவானவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ துப்புரவு செய்ய ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை என்றால், சட்டம் தடுத்த வேலையை வேறு எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு விடை தொட்டியின் வாயருகே வந்து சேரவில்லை என்றே பொருள்.

பிரபு ராஜகோபால் கழிவுநீர்ப் பொறியாளர் அல்லர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் சேதமில்லாச் சோதனை மையத்தைச் சேர்ந்தவர். ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல், அதன் உள்ளே விரிசலோ துருவோ இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அந்தத் துறையின் வேலை. மீயொலி அலையைக் குழாயின் சுவர் வழியாக அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியிலிருந்து நெடுந்தூரத்தில் உள்ள குறையைப் படிப்பார்கள். இதே மையத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய பிளானிஸ் நிறுவனம் துறைமுகத் தூண்களையும் அணைச் சுவர்களையும் நீருக்கடியில் போய்ச் சோதிக்கும் ரோபோக்களைச் செய்கிறது. அதற்குமுன் அந்த வேலையை முக்குளிப்பவர்கள் மூச்சைப் பணயம் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். மனிதர் நுழையக் கூடாத இடத்துக்குள் கருவியை அனுப்பிப் பழகிய ஒரு ஆய்வுக்கூடத்தின் கண் செப்டிக் டேங்க் மீது விழுந்தது அப்படித்தான்.

திவான்ஷு குமார் என்ற மாணவர் தன் முதுகலை இறுதியாண்டுத் திட்டமாக இதை எடுத்துக்கொண்டார். 2019-இல் ஐஐடியின் ‘கார்பன் ஜீரோ சேலஞ்ச்’ போட்டியில் முதல் மாதிரி காட்டப்பட்டது. அந்தத் திட்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காராமல் சோலினாஸ் நிறுவனத்தின் வழியாகத் தெருவுக்கு வந்தது. கல்லூரிகளில் நடக்கும் ஆயிரக்கணக்கான இறுதியாண்டுத் திட்டங்களுக்குக் கிடைக்காத வாழ்வு அது.

எந்திரத்தின் மையக் கருத்து எளிமையானது, அழகானது. செப்டிக் டேங்கின் வாய் குறுகல். உள்ளே இடம் அகலம். வாயில் நுழையும் அளவுக்குச் சிறிதான கருவி உள்ளே போய் ஒரு மூலையைக்கூடக் கிளறாது. உள்ளே முழுக்கக் கிளறும் அளவுக்குப் பெரிதானது வாயில் நுழையாது. ஹோமோசெப்பில் ஒரு தண்டு, அதன் நுனியில் மடங்கிய வெட்டுப்பட்டைகள். மடக்கிய நிலையில் வாய் வழியாக இறக்குவார்கள். அடியைத் தொட்டதும் பட்டைகள், காற்றில் பின்பக்கம் திரும்பிக்கொண்ட குடையைப்போல விரியும். பிறகு தண்டு சுழலும். பட்டைகள் அடிமண்டியை வெட்டி, நொறுக்கி, மேலே நிற்கும் நீரோடு கலந்து ஒரே சீரான குழம்பாக்கும். அதே நேரத்தில் எந்திரத்தோடு இணைந்த உறிஞ்சுகுழாய் அந்தக் குழம்பை வெளியே எடுக்கும். வேலை முடிந்ததும் பட்டைகள் மடங்கி, வந்த வழியே ஏறிவிடும்.

கலக்குவதும் உறிஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்தான் இதன் பலன் இருக்கிறது. அடிமண்டி போன்ற பொருள்கள் வெட்டுப்பட வெட்டுப்பட இளகும். அசைவு நின்றால் மறுபடியும் இறுகும். மூங்கில் கழியால் கிளறிவிட்டு, கழியை எடுத்து, குழாயை இறக்குவதற்குள் கனமானது மீண்டும் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. சுழற்சி நிற்காமலே உறிஞ்சினால் அது உட்கார நேரம் இல்லை. லாரியின் பம்பை இன்னும் பெரிதாக்குவதில் பயன் இல்லை என்பதை முதலில் புரிந்துகொண்டு, பம்பை விட்டுவிட்டு அடிமண்டியின் குணத்தை மாற்றப் போனதுதான் இந்தக் குழுவின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

இன்னொரு வகை எதிரியும் அந்தத் தொட்டிக்குள் உண்டு. தொட்டியின் ஈரச் சுவரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு படியும்போது, அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. பழைய தொட்டிகளின் கான்கிரீட் மூடி உள்பக்கமாகத் தின்னப்பட்டு, ஒருநாள் நடப்பவரின் காலுக்குக் கீழே இடிந்து விழுவது இதனால்தான். அதே அமிலம் இரும்பையும் தின்னும், அந்த வாயு செம்புக் கம்பியையும் தின்னும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு சிறு தீப்பொறி போதும் வெடிப்பதற்கு. ஆய்வகத்தில் தெளிந்த நீரில் ஓடிக் காட்டிய மோட்டாரை அப்படியே இங்கே இறக்க முடியாது. எதை உள்ளே அனுப்புவது, எதை வெளியிலேயே வைத்துக்கொள்வது, சேறு புகாமல் எங்கே அடைப்பது என்பன எல்லாம் ஆய்வுக் கட்டுரையில் இரண்டு வரியில் முடியும். செய்து முடிக்க ஆண்டுகள் ஆகும்.

2022 ஜூனில் முதல் இரண்டு எந்திரங்கள் கைமாறின. யாருக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் இயக்கத்தின் துணையோடு, துப்புரவுப் பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற சுய உதவிக் குழுக்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. தமிழ்நாடெங்கும் பத்து எந்திரங்களை இறக்குவது அப்போதைய திட்டம். கெயில் நிறுவனம் உள்ளிட்ட பல நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி அதற்குக் கைகொடுத்தது.

இதை நான் நன்கொடை நிகழ்ச்சியாகப் பார்க்கவில்லை, எந்திர வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். எந்திரம் ஒரு ஒப்பந்தக்காரரின் கையில் இருந்தால், பட்டை உடைந்த அன்று, டீசல் தீர்ந்த அன்று, சந்துக்குள் வண்டி நுழையாத அன்று, அவர் மறுபடியும் ஆளைத் தேடுவார். ஏனென்றால் ஆள் மலிவு. அந்தக் குழிக்குக் கணவரைக் கொடுத்தவர் எந்திரத்துக்குச் சொந்தக்காரராக இருந்தால் அன்று வேலை நிற்கும், ஆள் இறங்க மாட்டார். டெல்லி அரசு 2019-இல் 200 சாக்கடைத் துப்புரவு வண்டிகளைத் தலித் தொழில்முனைவோரிடம், துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை தந்து, ஒப்படைத்தது. 2024 டிசம்பரில் சென்னைக் குடிநீர் வாரியமும் அந்த வழியில் துப்புரவுத் தொழிலாளர்களையே நவீனக் கழிவுநீர் ஊர்திகளின் உரிமையாளர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலை இது. எந்திரம் வந்த பிறகு அதன் வருமானம் வேறு கைக்குப் போய்விட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது வேலையிழப்பு மட்டுமே.

கேரளத்தில் இதே நோக்கத்தோடு வந்தது பாண்டிகூட். குற்றிப்புறத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018-இல் அதைத் திருவனந்தபுரத்தில் இறக்கியது. பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிக்குள் கால்களை ஊன்றி நின்று, கையால் வாரி எடுக்கும் எந்திரம் அது. கும்பகோணம் நகராட்சி தமிழ்நாட்டில் அதை முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. குழிக்கு அது, தொட்டிக்கு இது என்று இரண்டுக்கும் வேலை வேறு. சோலினாஸ் நிறுவனம் குழாய்களுக்குள் ஊர்ந்து போய்க் கேமராவால் படமெடுக்கும் ‘எண்டோபாட்’ என்ற கருவியையும் செய்கிறது. படங்களிலிருந்து விரிசலையும் கழிவுநீர் கலக்கும் இடத்தையும் கணினி கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தெரு முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. கணினித் துறையினருக்கு இதில் நிறைய வேலை காத்திருக்கிறது.

மேற்குப் புறநகரில் இந்த ஆய்வை நினைக்கும்போது இன்னொன்று நெஞ்சில் தைக்கிறது. ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் 2017-இல் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா ஊர்தியை வெளியிட்டது. கண்காணிப்புக்கு ஒரு வடிவம், கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர் அபாயம் உள்ள இடத்தில் நுழைய ஒன்று என மூன்று வடிவங்கள். ஒரு படைவீரர் சாகக் கூடாத இடத்துக்கு எந்திரத்தை அனுப்பும் அறிவு இந்த ஊரில் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்டு கடையவும், பட்டை வெட்டவும், ஹைட்ராலிக் குழாய் மாற்றவும் தெரிந்த லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இறுதியாண்டுத் திட்டங்கள். ஹோமோசெப் போன்ற எந்திரத்தின் உயிர் அதன் பட்டை தேய்ந்தால் எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடிகிறது என்பதில் இருக்கிறது. அந்த உதிரிப்பாகத்தைப் பத்துக் கிலோமீட்டருக்குள் செய்துகொடுக்க இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

எந்திரத்தின் கை எட்டாத இடங்களும் உண்டு. பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பது அடி திறந்த உறைக்குழிதான். அதற்குள் பட்டை விரிய இடமே கிடையாது. சில வீடுகளில் தொட்டி மாடிப்படிக்கு அடியிலோ, வண்டி நிறுத்தும் இடத்தில் டைல்ஸுக்குக் கீழேயோ மறைந்திருக்கிறது. புதிதாகக் கட்டிய தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குபவர்களும் இறக்கிறார்கள். நாள்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியில் தேங்கிய நீரும் ஊறிய பலகையும் அழுகி ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். இங்கே அடிமண்டியே இல்லை, எந்திரத்துக்கும் வேலை இல்லை. மூடியைத் திறந்து, காற்றூதியை ஓடவிட்டு, வாயுமானியில் அளவு பார்த்த பிறகே யாரும் தலையை நீட்ட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஆய்வு தேவையில்லை.

வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செப்டிக் டேங்கைப் பளிச்சென்று கழுவி எடுக்கத் தேவையே இல்லை. அடியில் ஓர் அங்குலம் போலக் கசடை விட்டுவைக்கச் சொல்வதுதான் பொறியியல் வழிமுறை. அடுத்த சுற்றுக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் அதில்தான் இருக்கின்றன. “சுத்தமா எடுங்க” என்ற வார்த்தைக்கு அறிவியலில் இடமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை அழைத்துவிட்டால் அடிமண்டி இறுகாது, சாதாரண பம்பே இழுத்துவிடும். நாப்கினையும் பிளாஸ்டிக்கையும் கழிவறையில் போடாமல் இருந்தால் இன்னும் எளிது. புது வீடு கட்டுபவர்கள் தொட்டியை லாரிக் குழாய் எட்டும் இடத்தில், கருவி நுழையும் அகலத்தில் வாய் வைத்து, ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி போட்டுக் கட்டலாம். கழிவுநீர் எடுக்க 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் உரிமம் பெற்ற வண்டியை ஏற்பாடு செய்யலாம். யாராவது ஆளை இறக்குவதைப் பார்த்தால் புகார் சொல்லவும் அதே எண்தான்.